அந்தப் பதினைந்து சென்ட்டில் சிமென்ட் போட வேண்டாம்: கல்லூரி ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

செமஸ்டர் தேர்வு முடிந்து ஹாஸ்டல் காலியான பிறகு அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறீர்கள். வரும் கல்வியாண்டிலிருந்து மகளிர் கோல்ஃப் அணி கிடையாது. ஹாஸ்டலுக்குப் பின்னால் உள்ள பயிற்சி இடத்தில் சிமென்ட் தளம் போட்டு, கல்லூரிப் பேருந்துகள் நிறுத்தப்படும். "தனித்திறமை உள்ள ஒரு மாணவிக்கு" மட்டும் போட்டிகளுக்குப் போய்வர உதவித்தொகை உண்டு. காரணமாகப் பராமரிப்புச் செலவையும், பரிசு வரவில்லை என்பதையும் சொல்லியிருக்கிறீர்கள். இவ்வளவுதான் விஷயம். அணியில் உள்ள பிள்ளைகள் யாரும் ஊரில் இல்லாத நேரம். பயிற்சியாளரான எனக்கே அலுவலகத்தில் ஒருவர் போனில் படம் பிடித்து அனுப்பித்தான் தெரியும்.

நேரில் பேச நேரம் கேட்டேன். "முடிவு எடுத்தாச்சு மேடம், இனிமே பேச என்ன இருக்கு" என்று பதில் வந்தது. அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். கல்லூரியின் பெயரை எழுதவில்லை, பிள்ளைகளின் பெயரையும் எழுதவில்லை. அவர்கள் இன்னும் உங்களிடம்தான் படிக்க வேண்டும், ஹால் டிக்கெட் வாங்க வேண்டும், டி.சி. வாங்க வேண்டும்.

"மைதானமே இல்லாத ஊர்ல கோல்ஃப் எதுக்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகவும் எல்லோரும் சிரித்ததாகவும் கேள்விப்பட்டேன். கேள்வியில் தப்பில்லை. திருநெல்வேலிச் சீமையில் நாங்கள் போய் ஆடக்கூடிய கோல்ஃப் மைதானம் இல்லைதான். கிட்ட என்று சொன்னால் திருவனந்தபுரம், கவடியார்ப் பக்கம் இருக்கும் 9 குழி மைதானம். அதை விட்டால் கொடைக்கானல். அங்கே 1895-லிருந்து கோல்ஃப் கிளப் இருக்கிறது. ஊட்டி, கோயம்புத்தூர், சென்னை எல்லாம் ராத்திரிப் பயணம். இது எனக்குத் தெரியாமல் அணி ஆரம்பிக்கவில்லை. நீங்களும் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டீர்கள்.

சிரித்தவர் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்திருக்கலாம். முழு ஆட்டம் 18 குழி. பெரும்பாலான பெரிய மைதானங்களில் அதற்கு 'பார்' 72 அடி, அதாவது நன்றாக ஆடுகிறவர் பந்தை 72 தடவை அடித்து எல்லாக் குழியிலும் போட்டு முடிக்க வேண்டும். இந்த 72 எப்படி வந்தது என்றால், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்குப் பந்து வந்து சேர்ந்த பிறகு, ஒவ்வொரு குழிக்கும் இரண்டு உருட்டு என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பதினெட்டு இரண்டு முப்பத்தாறு. ஆட்டத்தில் சரிபாதி, டிவியில் காட்டுகிற அந்தப் பச்சை வெளியில் நடப்பதே இல்லை. குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டிவிடுவதில், பட்டிங்கில், நடக்கிறது. இருபது முப்பது கெஜத்திலிருந்து பந்தை மெதுவாகத் தூக்கிப் போடும் சின்ன அடிகளையும் சேர்த்தால் பாதியைத் தாண்டிவிடும். இதைப் பழக நூறு ஏக்கர் வேண்டாம், பதினைந்து சென்ட் போதும். நீங்கள் சிமென்ட் கொட்டப் போகிற இடம் அதுதான்.

அந்த இடம் எப்படி உருவானது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. ஹாஸ்டலுக்குப் பின்பக்கம் ஆட்சிக்குழு வந்து நான் பார்த்ததில்லை. முன்பு அது முழுக்கச் சீமைக்கருவேலம். பாம்புக்குப் பயந்து ஹாஸ்டல் பிள்ளைகள் அந்தப் பக்கத்து ஜன்னலையே திறக்க மாட்டார்கள். ஜேசிபி வாடகை என் கைக்காசு. முள்ளை அள்ளிப் போட்டது பிள்ளைகள். புல் வளர்க்க நமக்குத் தண்ணீர் ஏது? கோடையில் குளிக்கவே லாரித் தண்ணீர். ஆகவே, தண்ணீர் இல்லாத ஊர்களில் அந்தக் காலத்திலிருந்தே கோல்ஃப்காரர்கள் செய்கிற வேலையை நாங்களும் செய்தோம். புல்தரைக்குப் பதிலாக மண்தரை. இதற்குப் பிரவுன் என்று பெயர். இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வறண்ட இடத்து மைதானங்களில் உண்டு. அங்கெல்லாம் மணலில் எண்ணெய் கலந்து இறுக்குவார்கள். நாங்கள் தண்ணீரை மட்டும் தெளித்தோம். தாமிரபரணி மணல் கேட்டால் போலீஸ் வரும் என்பதால், எம்-சாண்டும் சலித்த செம்மண்ணும். மட்டம் பண்ணியது கிரிக்கெட் பிட்ச் உருளை. பக்கத்து ஆண்கள் கல்லூரி உடற்கல்வி சார் புண்ணியத்தில் அந்த உருளை கிடைத்தது.

குழிக்கு விதிப்படி விட்டம் 108 மில்லிமீட்டர், நாலேகால் அங்குலம். பிளம்பர் கடையில் கிடைக்கிற நாலு இஞ்சு பிவிசி பைப்பை அரையடி நீளத்துக்கு அறுத்துப் புதைத்தோம். உள்விட்டம் விதியைவிட ஒரு நூல் குறைவு. இருக்கட்டும், இதில் விழுந்தால் எங்கேயும் விழும்.

இந்த மண்தரையில் ஒரு சௌகரியம் உண்டு, புல்லில் அது கிடையாது. காலையில் தண்ணீர் தெளித்து உருட்டி வைத்த தரையில் பந்து போனால் தடம் விழும். அடித்த பிறகு பிள்ளை குனிந்து அந்தக் கோட்டைப் பார்ப்பாள். முதல் ஒரு சாண் கோடு நேராக இருந்தால் கை சரி. அங்கேயே வலது பக்கம் ஒதுங்கியிருந்தால், மட்டையின் முகம் திறந்திருந்தது என்று அர்த்தம். நேராக வந்து குழிக்குக் கிட்டத்தில் வளைந்தால், தரையின் சரிவைத் தப்பாகக் கணித்திருக்கிறாள். கேமராவும் கம்ப்யூட்டரும் வைத்துப் பெரிய அகாடமிகளில் சொல்லிக்கொடுப்பதை ஈர மண்ணே காட்டிக்கொடுக்கும். பார்த்து முடிந்ததும் விளக்குமாற்றால் கலைத்துவிட்டு அடுத்தவள் நிற்பாள். வெயில் ஏறித் தரை காய்ந்தால் தடம் விழாது என்பதால், எங்கள் பயிற்சி எப்போதும் விடியற்காலைதான்.

தூரமாக அடித்துப் பழக, பந்தைத் தடுத்து நிறுத்த ஒரு வலை வேண்டும். கடையில் விலை கேட்டு வாயடைத்துப் போயிருந்தபோது, அணியில் உள்ள உவரி மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தியின் அப்பா பழைய சாளை மீன் வலையை பஸ் டாப்பில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. சாளை வலையின் கண் அதைவிடச் சின்னது, பந்து தப்பாது. நான் விறைப்பாக இழுத்துக் கட்டப் போனேன். "தொய்வா விடுங்கம்மா, முறுக்கிக் கெட்டுனா மீனே நிக்காது" என்றார். சரியான பேச்சு. இறுக்கிக் கட்டிய வலையில் பட்ட பந்து அடித்தவள் முகத்துக்கே திரும்பி வரும். இரண்டு அடுக்காக, தொளதொளவென்று அவர் கட்டிவிட்டுப் போன வலைதான் இன்றைக்கும் தொங்குகிறது. ஆடிக்காற்றில்கூட அவிழவில்லை.

2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் அந்த மண்தரை கரைந்து ஓடிவிட்டது. 17, 18 தேதிகளில் நம் மாவட்டமும் தூத்துக்குடியும் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுச் சாமான் போனவர்கள் மத்தியில் பட்டிங் தரை போனது ஒரு இழப்பா என்று நானே வாய் திறக்கவில்லை. பொங்கல் லீவு முடிந்து வந்து பார்த்தால், ஹாஸ்டல் பிள்ளைகள் வாளியும் சல்லடையுமாக மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் வீட்டிலேயே தண்ணீர் புகுந்திருந்தது. கல்லூரி நிதியிலிருந்து அந்தத் தரைக்கு அன்றும் இன்றும் ஒரு ரூபாய் செலவாகவில்லை. ஆகவே "பராமரிப்புச் செலவு" என்று சுற்றறிக்கையில் இருப்பது எந்தச் செலவு என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அடுத்தது, "இது பணக்காரங்க ஆட்டம், நம்ம பிள்ளைகளுக்கு எதுக்கு". இதைச் சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். இருந்தாலும், நம்ம பிள்ளைகளுக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று அவர்களைக் கேட்காமலே முடிவு செய்கிற நல்லெண்ணம் எனக்குப் பழக்கமானது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில், இந்த ஆட்டத்துக்கே விதி வகுத்துக் கொடுத்த பழைய கிளப், பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 2014 வரை ஆனது. அமெரிக்காவில் அகஸ்டா கிளப் 2012-ல்தான் முதல் பெண் உறுப்பினர்களைச் சேர்த்தது. அவர்களும் இத்தனை காலம் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் 14 கிளப்புக்கு, அதாவது பந்தடிக்கும் மட்டைக்கு, மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது. 14 இருந்தே ஆக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. எங்கள் பிள்ளைகள் நாலில் ஆரம்பிக்கிறார்கள். நடுத்தர தூரத்துக்கு ஒரு செவன் அயர்ன், சின்ன அடிக்கு ஒரு வெட்ஜ், உருட்டுவதற்கு ஒரு பட்டர், தூரத்துக்கு ஒரு 'வுட்'. எல்லாம் பெங்களூரில் நான் கோல்ஃப் அடித்துப் பழகுகிற டிரைவிங் ரேஞ்சில் வேலை பார்த்த காலத்துப் பழக்கத்தில், பழசாக வாங்கியது. பந்தும் பழசுதான், குளத்தில் விழுந்து எடுத்தது. ஒரு கிரிக்கெட் அணிக்கு வருஷா வருஷம் மட்டை, கால்காப்பு, ஹெல்மெட் என்று நீங்கள் போடுகிற பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். (கிரிக்கெட்டைக் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் நான்தான் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன்.)

இந்த அணியில் யார் இருக்கிறார்கள் தெரியுமா? முக்கூடலிலிருந்து வருகிற ஒரு பிள்ளை. அம்மா பீடி சுற்றுகிறார், இவளும் பத்து வயதிலிருந்து கூடமாட உட்கார்ந்து சுற்றியவள். கோல்ஃபில் புதியவர்களுக்கு மிகக் கஷ்டமான பாடம் பிடி. பயத்தில் இறுக்கிப் பிடிப்பார்கள், முழங்கை வரை விறைத்துவிடும். இவளிடம் கிளப்பைக் கொடுத்த முதல் நாளே பிடி சரியாக இருந்தது. இலை கிழியாமல், தூள் சிந்தாமல் சுற்றத் தெரிந்த விரல்களுக்கு எவ்வளவு இறுக்கம் போதும் என்பது தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்து நான் ரசித்துக்கொண்டு நிற்கவில்லை. அந்த விரல்களுக்கு வேறு ஒரு வேலையும் தெரியட்டும் என்றுதான் அவளை அணியில் வைத்திருக்கிறேன்.

மேலப்பாளையத்துப் பிள்ளை ஒருத்தி தலையில் முக்காடோடு, முழுக்கைச் சட்டையும் டிராக் பேன்ட்டும் போட்டு ஆடுகிறாள். "குட்டைப் பாவாடை போடச் சொல்வார்களாமே" என்று உங்களில் ஒருவர் அவள் வாப்பாவிடமே கேட்டிருக்கிறீர்கள். கோல்ஃப் விதிப்புத்தகத்தில் பாவாடை நீளம் எங்கேயும் இல்லை. கிளப்புகள் கேட்பது பொதுவாகக் காலர் வைத்த சட்டை. அந்த ஒரு கேள்வியால் ஒரு மாதம் அவள் பயிற்சிக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போய், வாப்பாவைக் கையோடு கூட்டிவந்து மைதானத்தில் உட்காரவைத்த பிறகுதான் விட்டார். இப்போது சனிக்கிழமைகளில் பந்து பொறுக்கிப் போடுவது அவர்தான்.

பரிசு எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. முதல் தடவை 9 குழி மைதானத்துக்குக் கூட்டிப்போனபோது, எங்கள் பிள்ளைகளில் ஒருத்திகூட 80 அடிக்குள் முடிக்கவில்லை. பாதிக் குழியில் எண்ணிக்கையே விட்டுப்போனது. கடைசியாகப் போனபோது மூன்று பேர் 60-க்குள் முடித்தார்கள், நாங்குநேரியிலிருந்து வருகிற பிள்ளை 50-ஐத் தொட்டுவிட்டாள். புல்லில் அவர்கள் கால் வைப்பதே பருவத்துக்கு ஒரு தடவை, அதுவும் விடிகாலை ரயில் பிடித்துப் போய் ராத்திரி திரும்புகிற பயணம். இந்த நிலைமையில் இது சின்ன முன்னேற்றம் இல்லை என்று இந்த ஆட்டம் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீங்கள் யாரையும் கேட்கவில்லை. கோவில்பட்டியில் ஹாக்கி ஒரு வருஷத்திலா வந்தது? தலைமுறையாகத் தெருவில் குச்சி பிடித்த ஊர் அது. எனக்குத் தலைமுறை வேண்டாம், ஒரு பட்டப்படிப்புக் காலத்தை முழுசாகக் கொடுங்கள் என்கிறேன்.

அதிதி அசோக் பெயரை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள், சொல்கிறேன். பெங்களூர்ப் பெண். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 18 வயதில் ஆடினார். கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளி 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவது இடம். ஒரே ஒரு அடி கூடிப்போனதில் வெண்கலம் தவறியது. அந்த நாலு நாளும் அவருடைய கிளப் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தது அவருடைய அம்மா. டோக்கியோவில் அவர் நீளமாக அடிக்கிறவர் கூட்டத்தில் இல்லை. மற்றவர்கள் அவரைத் தாண்டித் தாண்டி அடித்தார்கள். அவரைக் கடைசிவரை பதக்க வரிசையில் நிறுத்தி வைத்தது பட்டிங். பதினைந்து சென்ட்டில் பழகக்கூடிய அதே பட்டிங். எங்கள் பிள்ளைகள் அதிதி ஆவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. எந்தத் திறமையை இங்கே வளர்க்க முடியுமோ, அதைத்தான் நாங்கள் வளர்க்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, என்னால் விழுங்கவே முடியாத வரிக்கு வருகிறேன். "தனித்திறமை உள்ள ஒரு மாணவிக்கு" உதவி. அது நாங்குநேரிப் பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும். புதியவர்கள் பிரிவில் இரண்டாம் பரிசு வாங்கினாள், உங்கள் மேடையில் சால்வை போட்டீர்கள். அவளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்பது பார்க்க சிக்கனமான யோசனை. ஆனால் கல்லூரி கோல்ஃப் என்பதே அப்படி நடப்பதில்லை. மாணவிகள் கோல்ஃப் நன்றாக வேரூன்றிய அமெரிக்கக் கல்லூரிகளில், ஒரு அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த அடியில் முடித்த நாலு பேருடைய எண்ணிக்கையைக் கூட்டி அணிக்கு வைப்பார்கள். ஐந்தாவது எண்ணிக்கை கழிந்துவிடும்.

எவ்வளவு அழகான ஏற்பாடு என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்குச் சொதப்பியவளின் கணக்கு யாரையும் இழுத்துக் கீழே போடாது. அதே சமயம் மற்ற நாலு பேரில் யார் வேண்டுமானாலும் நாளைக்குச் சொதப்பலாம் என்பதால், ஐந்தாவது ஆள் ஒவ்வொரு குழியையும் உயிரைக் கொடுத்து ஆட வேண்டும். புதிதாக வந்தவளுக்குப் பயமில்லாமல் போட்டிக் களத்தில் நிற்க ஒரு இடம் கிடைக்கிறது. நான் இங்கே வாராந்தர ஆட்டத்தை இந்தக் கணக்கில்தான் நடத்துகிறேன். நாங்குநேரிப் பிள்ளை நன்றாக ஆடுகிறாள் என்றால், முக்கூடல் பிள்ளை பட்டிங்கில் அவளைத் தோற்கடித்துக்கொண்டே இருப்பதால் ஆடுகிறாள். கூட ஆடுகிறவர்களைப் பிடுங்கிவிட்டால், அந்த உதவித்தொகையை வைத்து அவள் ரயில் டிக்கெட்தான் வாங்க முடியும். அவளிடம் போனில் கேட்டேன். "நான் மட்டும் போயி என்னத்த ஆட, மேம்? ரயில்ல பேசக்கூட ஆள் கெடையாது" என்றாள்.

1941-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் உடற்கல்வித் துறைக்குத் தலைவராக இருந்த கிளாடிஸ் பால்மர், கல்லூரி மாணவிகளுக்கென்று முதல் தேசிய கோல்ஃப் போட்டியை நடத்தினார். கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் வந்தது 1972-ல். சட்டம் வருவதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே ஒரு உடற்கல்வி அம்மா வேலையைத் தொடங்கிவிட்டார். அந்தச் சட்டம் நம்மூருக்குச் செல்லாது என்று தெரியும். ஆனால் அவர் உட்கார்ந்த நாற்காலி மாதிரி ஒன்றில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன், தொகுப்பூதியத்தில்.

மேலப்பாளையத்துப் பிள்ளை விஷயம் ஒன்று பாக்கி. போன வருஷம் ஒரு அழைப்புப் போட்டிக்குப் போயிருந்தோம். காய்ந்த புல்லுக்குள் அவள் பந்து கிடந்தது. அடிக்கக் கிளப்பைப் பின்னால் வைத்தபோது பந்து அரைச் சுற்று உருண்டது. யாரும் பார்க்கவில்லை, நானே தூரத்தில், வேறு ஒருத்தியோடு நின்றேன். கோல்ஃபில் ஆளாளுக்கு நடுவர் கிடையாது. ஆடுகிறவள்தான் சொல்ல வேண்டும், கணக்கு எழுதுகிறவர் அதைக் குறித்துக்கொள்வார். இவள் கையைத் தூக்கி, "என் பந்து அசஞ்சிருச்சு, ஒண்ணு சேத்துக்கோங்க" என்று தண்டனை அடியைத் தானே கேட்டு வாங்கி, பந்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு ஆடினாள். அந்த ஒரு அடியில் அணிக்கு மூன்றாம் இடம் போய் நாலாவது ஆனது. ஊருக்கு வந்து இதைப் பெருமையாக உங்களிடம் சொன்னபோது, செயலர் அவர்களே, நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? "அவ ஏன் சொன்னா?" என்றீர்கள். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பீர்கள். ஆனால் பரிசு எங்கே என்று இப்போது சுற்றறிக்கையில் கேட்கும்போது, அந்த மூன்றாம் இடத்தை அவள் எப்படி விட்டுக்கொடுத்தாள் என்பதையும் சேர்த்துத்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வளவு தேவையில்லாத அணியின் படம், இந்த வருஷ அட்மிஷன் நோட்டீஸின் முன்பக்கத்தில் ஏன் இருக்கிறது? கல்லூரிகளுக்குத் தரச்சான்று தருகிற நாக் ஆய்வுக்குழு வந்த அன்று, பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்து வலையில் அடித்துக் காட்டச் சொன்னது யார்? "தென்மாவட்டத்தில் எங்களிடம் மட்டும்" என்று அன்று மைக்கில் சொன்னீர்கள். முதலாண்டில் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் அந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் இந்தக் கல்லூரிக்கு வந்ததாக என்னிடம் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி கல்லிடைக்குறிச்சியிலிருந்து தினமும் வந்துபோகிறாள்.

பேருந்து நிறுத்த இடம் வேண்டும் என்பது உண்மையான தேவை, மறுக்கவில்லை. மேற்கு வாசலுக்குப் பக்கத்தில் பழைய கேன்டீன் இடிந்து கிடக்கிற இடம் இதைவிடப் பெரியது, ரோட்டை ஒட்டியும் இருக்கிறது. ஹாஸ்டலுக்குப் பின்னால் பேருந்துகள் வந்து திரும்ப, பெண்கள் தங்கியிருக்கிற கட்டடத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். இதை விடுதிக் காப்பாளரும் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அறிகிறேன்.

என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். முதலில், ஜல்லி லாரி உள்ளே வருவதற்கு முன்னால் அந்த வேலையை நிறுத்தி வையுங்கள்; சிமென்ட் விழுந்த பிறகு பேசிப் பயனில்லை. அப்புறம், அணியில் உள்ள எல்லா மாணவிகளையும் பெற்றோரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுங்கள். நான் இருந்தால் அவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்று நினைத்தால், நான் வெளியே நிற்கிறேன். அதே நாளில் ஆட்சிக்குழு ஒருமுறை ஹாஸ்டலுக்குப் பின்னால் வந்து, காலை ஆறு மணிக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அணி என்றால் ஐந்து பேர். அந்த ஐந்து இடத்தையும் இப்போது முதலாண்டில் இருக்கிறவர்கள் பட்டம் வாங்கும்வரை வைத்திருக்க எழுத்தில் உத்தரவாதம் வேண்டும். ஒருத்திக்குத் தருவதாகச் சொன்ன அதே தொகையை அணிக்குப் பயணச் செலவாக மாற்றிக் கொடுங்கள், ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. அதைக் கொண்டு பருவத்துக்கு இரண்டு தடவையாவது அவர்களைப் புல்லில் இறக்கிவிடுவேன். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி, கோல்ஃபை நம் கல்லூரி அணிகளின் பட்டியலில் முறைப்படி சேர்க்க வேண்டும். இதற்கான விண்ணப்பம் என் கையெழுத்தோடு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாணவியிடமும் வாங்குகிற விளையாட்டுக் கட்டணம் எந்த அணிக்கு எவ்வளவு போனது என்ற கணக்கை அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். கோல்ஃபுக்கு மட்டும் கேட்கவில்லை, எல்லா அணிக்கும் போடுங்கள்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் அணி வேண்டாம் என்றே முடிவானால், அட்மிஷன் நோட்டீஸிலிருந்து அந்தப் பிள்ளைகளின் படத்தை எடுத்துவிடுங்கள். முடிவுக்கான காரணத்தை முழுசாக எழுதிக் கொடுங்கள். பதில் கல்லூரி திறப்பதற்கு முன்னால், கல்லூரித் தாளில், கையெழுத்தோடு வர வேண்டும். எனக்கு ஒரு பிரதியும், அணியில் இருக்கிற ஒவ்வொரு மாணவியின் வீட்டு முகவரிக்கு ஒரு பிரதியும்.

இப்படிக்கு,
பயிற்சியாளர், மகளிர் கோல்ஃப் அணி
திருநெல்வேலி மாவட்டம்